கிரகோரியா, காய்லா? ஒரு சீசன் முழுக்க ஓயாத வாக்குவாதம்

2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்சி அணி 18 லீக் ஆட்டங்களை ஆடியது. முதல் பத்து ஆட்டங்களில் அது எடுத்தவை 9 புள்ளிகள். கடைசி எட்டில் எடுத்தவை 20. புள்ளிப் பட்டியலைப் பின்னாளில் புரட்டிப் பார்ப்பவருக்கு, ஜனவரி இரண்டாம் வாரத்தில் அணி திடீரென விழித்துக்கொண்டது என்றுதான் தோன்றும். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தின் இருக்கைகளிலும், ஆட்டம் முடிந்தபின் சென்ட்ரல் பக்கத்து டீக்கடைகளிலும் அந்த மாதங்களைக் கழித்த எங்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. அணி திருந்தத் தொடங்கியது ஒரு தேதியில். அது திருந்திவிட்டது என்று நாங்கள் ஒப்புக்கொண்டது அதற்கு வெகுநாள் கழித்து வேறொரு தேதியில். இடைப்பட்ட காலம் முழுவதும் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம்.

ரசிகனின் மனநிலை அணியின் ஆட்டத்தைவிடச் சில வாரங்கள் பின்தங்கியே வருகிறது என்பது என் எண்ணம். தோல்வி தொடங்கிய பிறகும் பழைய கோப்பையை நம்பிக்கொண்டிருக்கிறோம். வெற்றி தொடங்கிய பிறகும் பழைய தோல்வியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். எதிரில் ஆடிக்கொண்டிருக்கும் அணியை விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்பு ஆடிய அணியைப் பற்றியே பெரும்பாலும் சண்டை போடுகிறோம். அந்த சீசனை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நான் பார்த்தவற்றுள் இந்தப் பின்தங்கல் அத்தனை பச்சையாகத் தெரிந்த சீசன் வேறில்லை என்பதுதான்.

கதையை 2018 மார்ச் 17-இலிருந்து தொடங்க வேண்டும். பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்தி, சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாகக் கோப்பையை வென்றது. பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். பயிற்சியாளர் ஜான் கிரகோரிக்கு அது முதல் சீசன். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணிக்குப் பயிற்சியளித்தவர். வாய் கொஞ்சம் கூர்மையானவர். வந்த ஆண்டே கோப்பையைக் கையில் கொடுத்தவர். அந்த இரவில் அவருக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதை சாதாரணமானதல்ல.

அடுத்த சீசனில் நடப்பு சாம்பியன் அணி கடைசி இடத்தைப் பிடித்தது. 18 ஆட்டங்கள், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளிகள். அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று, அந்த ஆண்டு கோப்பையை வெல்லப்போகும் பெங்களூருக்கு எதிராக வந்தது. அது ஆறுதலா, எரிச்சலை இன்னும் கூட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த சீசனின் முதல் பாதியில் கிரகோரியைக் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு. நடுவர் சரியில்லை, முன்கள வீரர் ஜெஜெவுக்குக் கோல் வரவில்லை, மைதானத்துப் புல் சரியில்லை, வெளிநாட்டு வீரர்களின் தேர்வு சரியில்லை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. பயிற்சியாளரின் பெயர் அந்தப் பட்டியலில் சேர டிசம்பர் கடந்துவிட்டது. பெருங்காயம் வைத்த டப்பாவின் வாசம் போக நாளாகும் அல்லவா.

அதே மாதங்களில் இன்னொரு விஷயமும் நடந்தது. அதைச் சொல்லாமல் எங்கள் கோபத்தின் அளவைப் புரியவைக்க முடியாது. கோயம்புத்தூரில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஐஎஸ்எல்லுக்குத் தனியாக நடக்கும் இன்னொரு தேசிய லீகான ஐ-லீக்கின் பட்டத்தைப் பிடித்தது. உள்ளூர்ப் பையன்கள் பலர் ஆடிய அணி அது. ஒருபக்கம் தமிழ்நாட்டு வீரர்களோடு ஒரு அணி நாட்டின் லீக் பட்டத்தை வெல்கிறது. மறுபக்கம் பாலிவுட்டும் கிரிக்கெட்டும் முதலாளிகளாக இருக்கும் அணி பட்டியலின் அடியில் கிடக்கிறது. எங்கள் குழுவில் வியாசர்பாடியிலிருந்து வரும் நண்பர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் தேவைப்படவில்லை. அவருடைய ஏரியா தெருக்களில் பந்து உருளாத மாலை கிடையாது. அணியின் முன்னாள் நடுக்கள வீரர் தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர்தான். "நம்ம பசங்கள வெளியில தேடத் தெரியுது, வீட்டுக்குள்ள தேடத் தெரியல" என்பது அவருடைய நிரந்தர வாதம். எந்தத் தோல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் ஐந்தாவது நிமிடத்தில் அவர் அங்கே வந்து நிற்பார்.

அவருக்கு நேர் எதிர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆட்டம் நடக்கும்போது உட்காரவே மாட்டார், ஆனால் ஒருபோதும் கத்தவும் மாட்டார். அவருக்குக் கிரகோரி தெய்வம். "கப்பு வாங்கிக் கொடுத்தவனுக்கு ரெண்டு வருஷம் டைம் கொடுக்கணும்பா. இது மளிகைக் கடை பாக்கியா, மாசக் கடைசியில வசூல் பண்றதுக்கு?" என்பார். இந்த இருவருக்கும் நடுவில் நாங்கள் நாலைந்து பேர், அந்தந்த வாரத்து முடிவுக்கேற்பச் சாய்ந்துகொண்டிருந்தோம்.

நிர்வாகம் அண்ணன் சொன்னதைத்தான் செய்தது. கிரகோரி தொடர்ந்தார். 2019 கோடையில் புதிய வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள்: லிதுவேனியாவிலிருந்து நெரியூஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலிலிருந்து ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவிலிருந்து ஆந்த்ரே ஷெம்ப்ரி, தடுப்பாட்டத்துக்கு ருமேனியாவின் லூசியன் கோயன். சென்னை சிட்டியின் பட்டம் வென்ற அணியிலிருந்து எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் வந்தார். வியாசர்பாடி நண்பர் அதைத் தன் பிரச்சாரத்துக்குக் கிடைத்த வெற்றியாக எண்ணிக்கொண்டார். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய சண்டையே இவற்றின் மேல்தான்.

அக்டோபர் 23 அன்று கோவாவில் 0-3. அடுத்து சென்னையில் மும்பையுடன் 0-0. பிறகு கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 0-1. பிறகு பெங்களூருவில் 0-3. நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. இந்தச் சமயத்தில் எங்கள் குழுவில் யாரும் திட்டவில்லை என்பதுதான் விசித்திரம். கோபம் வருவதற்கு எதிர்பார்ப்பு வேண்டும்; முந்தைய சீசன் அதைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. நேரு ஸ்டேடியத்தில் மைதானத்துக்கும் இருக்கைகளுக்கும் நடுவே ஓடுபாதை இருப்பதால், பின்வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டம் ஏற்கெனவே தூரத்தில் நடப்பதாகத்தான் தெரியும். அந்த மாதம் அது இன்னும் தள்ளிப்போய்விட்டது. பி ஸ்டாண்டில் மட்டும் முரசு நிற்கவில்லை. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்களுக்கு நான் தலைவணங்குவது இதற்காகத்தான். அவர்கள் மட்டும் எங்களைப் போல வாராவாரம் சாய்ந்துகொண்டிருக்கவில்லை.

நவம்பர் 25, திங்கட்கிழமை இரவு. எதிரணி, அந்த ஆண்டுதான் லீகுக்கு வந்திருந்த ஹைதராபாத். தொண்ணூறு நிமிடங்களும் கோல் இல்லாமல் கழிந்தன. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் எண்பத்தைந்தாவது நிமிடத்திலேயே எழத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒரு குடும்பம், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டது. தொண்ணூறுக்குப் பின் கூட்டித் தரும் இஞ்சுரி டைமில் ஷெம்ப்ரி கோல் போட்டார். சீசனின் முதல் கோல். படியில் இறங்கியவர்கள் திரும்ப ஏறி ஓடிவந்தார்கள். தோளில் இருந்த குழந்தை விழித்து அழுதது, அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த சில நிமிடங்களுக்குள் ஹைதராபாத்தின் கில்கல்லன் சமன் செய்தார். ஸ்டேடியம் மொத்தமும் ஒரே குரலில் ஒரு வசைச்சொல்லை உதிர்த்தது. அதை இங்கே எழுத முடியாது. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் வால்ஸ்கிஸ் அடித்தார். 2-1. ஒரே இஞ்சுரி டைமில் மூன்று கோல்கள்.

அன்று வெளியே வந்தபோது நடந்த உரையாடலை என்னால் மறக்க முடியாது. வங்கி அண்ணன், "பாத்தியா, டீம் கோச்சுக்காக ஆடுது" என்றார். வியாசர்பாடி நண்பர், "தொண்ணூறு நிமிஷம் ஒண்ணும் ஆடலண்ணே, நாலு நிமிஷம்தான் ஆடினானுங்க" என்றார். இருவரும் பார்த்தது ஒரே ஆட்டம். இருவரும் சொன்னதும் உண்மை. ஆனால் இருவருமே அந்த ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே தங்கள் தீர்ப்பை எழுதி வைத்திருந்தார்கள். ஆட்டத்திலிருந்து தேவையான நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்து ஒடிஷாவுடன் 2-2. அதற்கடுத்து கிரகோரி பதவி விலகினார். ஆறு ஆட்டங்கள், 5 புள்ளிகள், 4 கோல்கள். யாரும் எதிர்பாராத வகையில், அவரைப் போகச்சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் அன்று அதிகம் வருந்தினார்கள். குழுவில் கண்டீரவா இரவின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வியாசர்பாடி நண்பர்கூட, "மனுஷன் நல்லவருதான், டீம்தான் சரியில்ல" என்று எழுதினார். முந்தைய நாள் வரை டீம் நல்லது, மனுஷன்தான் சரியில்லை என்று எழுதிக்கொண்டிருந்தவர் அவர். ஒருவர் போன பிறகு அவரைப் பற்றி நல்லதாகப் பேசும் வழக்கம் கால்பந்துக்கும் பொருந்தும்போல.

அடுத்து யார் என்ற விவாதத்தில், துணைப் பயிற்சியாளராக இருந்த சபீர் பாஷாவுக்கே வாய்ப்புக் கொடுக்கலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். இந்திய அணிக்கு ஆடிய தமிழர், ஊரின் ஆட்டம் தெரிந்தவர். அந்த யோசனை இப்போதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. வந்தவர் ஓவன் காய்ல். 2009-இல் பர்ன்லி அணியைப் பிளே-ஆஃப் வழியாகப் பிரீமியர் லீகுக்குள் கொண்டுவந்தவர் அவர். போல்ட்டன் அணி 2012-இல் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியபோது பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. அவரவர் வசதிக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டோம். அண்ணன் போல்ட்டனைப் பற்றி மட்டும் பேசினார். கிரகோரி போன துக்கம்.

காய்லின் முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரில் 1-1. கடைசி நிமிடங்களில் சமன் செய்ய விட்டதால், ஒன்றும் மாறவில்லை என்றே எல்லோரும் முடிவு கட்டினோம். டிசம்பர் 20 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் சென்னைக்கு வந்தது. அந்த ஆட்டத்துக்கு எங்கள் ஊரிலேயே மஞ்சள் சட்டைகள் பெருமளவில் வந்துவிடும். மெட்ரோவிலேயே மலையாளப் பாட்டு கேட்கும். அதனால் அன்று எங்களுக்குப் புள்ளிகளைவிட மானம் பெரிது. ஷெம்ப்ரி, விங்கர் சாங்தே, வால்ஸ்கிஸ் ஆளுக்கொன்று போட்டு 3-1 என்று வென்றோம். திரும்பும் வழியில் யாரும் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. கேரளாவை வென்றதோடு சீசன் முடிந்துவிட்டாலும் சரி என்றார் ஒருவர். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார், மீதிப் பாதி வேடிக்கையில்லை.

என் கணக்கில் அணி உண்மையாக மாறியது அதற்கடுத்த ஆட்டத்தில். அது ஒரு தோல்வி. டிசம்பர் 26, கோவாவுடன். அன்று காலை தமிழ்நாட்டில் சூரிய கிரகணம். முதல் பாதி முடிவில் 0-3 என்று நின்றபோது, பின்வரிசையில் இருந்து ஒருவர், "கிரகணம் இன்னும் விடல போலிருக்கே" என்றார். இரண்டாம் பாதியில் அணி ஆடியதை நான் அதற்கு முன் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை. தடுப்பாட்ட வரிசை மேலே ஏறி நின்றது. பந்தை இழந்த இடத்திலேயே மூன்று பேர் பாய்ந்தார்கள். கிரிவெல்லாரோவுக்கு எந்தக் காவல் வேலையும் தராமல், போன இடமெல்லாம் அவரைத் தேடிப் பந்து போனது. அவர் இரண்டு கோல் போட்டார், ஷெம்ப்ரி ஒன்று. முடிவு 3-4. முந்தைய சீசனில் 0-3 என்று போயிருந்தால் அது 0-5 ஆக முடிந்திருக்கும் என்று நான் சொன்னபோது, "தோத்ததுக்கு விளக்கம் கொடுக்காத மச்சான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்தது. சொந்த மைதானத்தில் நான்கு கோல் வாங்கியது மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் நின்றது.

ஜனவரி 6 அன்று புவனேஸ்வரில் ஒடிஷாவிடம் 0-2 என்று தோற்றதும், குழுவே அமைதியாகிவிட்டது. பத்து ஆட்டங்களில் 9 புள்ளிகள். போன சீசன் முழுவதற்கும் கிடைத்த அதே 9. சிலர் அடுத்த ஆண்டுக்கு யாரை விற்க வேண்டும், யாரை வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல்களில் விற்கப்பட வேண்டியவர்களுள் ஒருவராகச் சாங்தேயின் பெயர் இருந்தது. வேகம் இருக்கிறது, முடிக்கத் தெரியவில்லை என்றார்கள்.

பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் வெற்றிகளில் சொல்ல அதிகமிருப்பதில்லை. ஹைதராபாத்தில் 3-1. சென்னையில் நார்த்ஈஸ்ட்டை 2-0. ஜாம்ஷெட்பூரை 4-1. பிப்ரவரி 1 அன்று கொச்சியில் கேரளாவை 6-3. கேரளாவின் ஒக்பெச்சே ஹாட்ரிக் போட்டும் அவர்கள் தோற்றார்கள், எங்கள் பக்கம் வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே மூவரும் ஆளுக்கு இரண்டு. பெங்களூருவுடன் 0-0. கொல்கத்தாவில் ஏடிகேயை 3-1. காய்ல் பொறுப்பேற்ற பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் அணி போட்டவை 28 கோல்கள், வாங்கியவை 16. பின்னால் கொஞ்சம் ஓட்டை இருந்தால் பரவாயில்லை, முன்னால் அதைவிட அதிகம் போடுவோம் என்ற ஆட்டம் அது. தடுப்பாட்டத்தில் ஒழுங்கைப் பார்த்து வளர்ந்த கிரகோரி ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் சீசனின் மிகப்பெரிய வாக்குவாதம் வெடித்தது. தோற்றுக்கொண்டிருந்தபோது யார் குற்றவாளி என்று சண்டை. இப்போது யாருக்குப் பாராட்டு என்று சண்டை. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி மூவரும் கிரகோரி இருந்தபோதே ஒப்பந்தமானவர்கள். "இவனுங்கள எடுத்தது யாரு? சமைச்சு வச்சது ஒருத்தர், பரிமாறினது இன்னொருத்தர்" என்றார் அண்ணன். நண்பர் விடவில்லை: "அரிசி வாங்கிப் போட்டவரு கிரகோரி, உலை வைக்கத் தெரிஞ்சவரு காய்ல்." ஏறக்குறைய ஒரு மாதம் இந்தச் சண்டை ஓடியது, அணி வெல்ல வெல்ல உக்கிரம் கூடியது. இதில் என் தீர்ப்பு இதுதான்: வீரர்களைத் தேர்ந்தவர் தவறாகத் தேரவில்லை, ஆனால் முந்தைய சீசனின் பதின்மூன்று தோல்விகளுக்குப் பிறகு அவர் அணியைப் பயந்து ஆட வைத்திருந்தார். அந்தப் பயம் இல்லாத ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. இதைச் சொன்னபோது இரு தரப்பும் என்னை மதில்மேல் பூனை என்றார்கள்.

இந்தக் களேபரத்தில் சரியான கவனம் கிடைக்காமல் போனவர் எட்வின். காய்ல் வந்த பின் நடுக்களத்தில் அனிருத் தாபாவுக்குப் பக்கத்தில் நின்று, கிரிவெல்லாரோவின் பின்னால் திறந்து கிடக்கும் இடத்தை எல்லாம் ஓடி ஓடி அடைத்தவர் அவர். அவர் பெயர் கோல் பட்டியலில் வராது. உள்ளூர் வீரர்களுக்காக ஓராண்டு குரல் கொடுத்த எங்கள் நண்பர், உள்ளூர் வீரர் ஒருவர் அணியின் முதுகெலும்பாக ஆடிக்கொண்டிருந்தபோது, சாங்தேயின் ஓட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆமாம், விற்கச் சொன்ன அதே சாங்தே.

பிப்ரவரி 21, மும்பையில். நான்காம் இடத்துக்காக நேருக்கு நேர். கோயன் போட்ட ஒரே கோலில் 1-0 என்று வென்று, முதல் நான்கு அணிகள் ஆடும் பிளே-ஆஃபில், அதாவது அரையிறுதியில், இடம் உறுதியானது. 29 புள்ளிகளோடு லீக் முடிந்தது. அன்றுதான், டிசம்பர் 26 முடிந்து எட்டு வாரங்கள் கழித்து, அண்ணன் முதன்முறையாகக் காய்லைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதற்கு முன் "புது கோச்சு" என்று மட்டும்தான் சொல்லிவந்தார்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் பிப்ரவரி 29, சென்னையில். லீகில் முதலிடம் பிடித்த கோவாவை 4-1 என்று நொறுக்கினோம். கோயன், தாபா, எலி சாபியா, சாங்தே. இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் கோல் போட்ட இரவு. எங்கள் நம்பிக்கை ஒரே இரவில் எல்லை கடந்தது. மறுநாளே இறுதியாட்டத்துக்குக் கோவா போக ரயில் பார்க்கத் தொடங்கினார்கள். இன்னொரு அரையிறுதி ஆட்டம் பாக்கியிருக்கிறது என்று ஞாபகப்படுத்தியவரை அபசகுனம் பிடித்தவர் என்றார்கள். மார்ச் 7 அன்று கோவாவில் இருபத்தொரு நிமிடத்துக்குள் 0-2. இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-3. சாங்தேயும் வால்ஸ்கிஸும் இரண்டாம் பாதியில் ஆளுக்கொன்று போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகும் கோவா இரண்டு போட்டது. ஆட்டத்தில் 2-4, மொத்தத்தில் 6-5. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மார்ச் 14 இறுதியாட்டம் பூட்டிய மைதானத்தில் நடந்தது. கொரோனா காரணமாகக் கோவாவின் ஃபடோர்டா மைதானத்துக்குள் யாரையும் விடவில்லை. ரயில் சீட்டுகளை எல்லோரும் ரத்து செய்துவிட்டு, அண்ணன் வீட்டில் டிவி முன் உட்கார்ந்தோம். தொடக்கத்திலேயே வால்ஸ்கிஸ் அடித்த பந்து கோல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. பத்தாவது நிமிடத்தில் ஏடிகேயின் ஹாவி ஹெர்னாண்டஸ் போட்டார். இரண்டாம் பாதி தொடங்கியதும் எடு கார்சியா. வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பினார். சீசனில் அவருடைய 15-ஆவது கோல் அது, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே போனது. கடைசியில் ஹாவி மீண்டும் ஒன்று போட 1-3. ஏடிகேயின் கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா தடுத்தவை எத்தனை என்று எண்ணவே பிடிக்கவில்லை. காலி இருக்கைகளால் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது டிவியில் தெளிவாகக் கேட்டது. அன்றிரவு கேட்கப்பட்ட கேள்வி: கூட்டம் இருந்திருந்தால்? ஏடிகே ரசிகர்களும் வந்திருப்பார்களே என்று யாரும் யோசிக்கவில்லை. பத்து நாட்களில் ஊரடங்கு வந்தது. பேச ஆட்டமே இல்லாததால் அந்தச் சட்டத்தில் பட்ட பந்தைப் பற்றி ஏப்ரல் முழுவதும் பேசினோம்.

அடுத்த சீசனுக்குக் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். வால்ஸ்கிஸும் அவரோடு. அந்தச் செய்தி வந்தபோது நியாயமாக எங்கள் எதிர்பார்ப்பு தரையில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, மனதில் இன்னும் 4-1 ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, 2020-21 சீசனில் எங்கள் முதல் ஆட்டமே ஜாம்ஷெட்பூருடன் அமைந்தது. நவம்பர் 24, மறுபடியும் காலி மைதானம். முதல் நிமிடத்திலேயே தாபா கோல் போட்டார். வால்ஸ்கிஸ் எங்களுக்கு எதிராக ஒன்று போட்டும் 2-1 என்று நாம் வென்றோம். "காய்ல் இல்லாமலே ஆடுவோம், அவரு முன்னாடியே ஆடுவோம்" என்று குழுவில் நள்ளிரவு வரை கொண்டாட்டம். வங்கி அண்ணன், "இப்பவாவது ஒத்துக்கிறீங்களா, டீம் கிரகோரி போட்ட அஸ்திவாரம்" என்று பழைய கணக்கைத் திறந்தார்.

அந்த சீசனில் 20 ஆட்டங்களில் கிடைத்த வெற்றிகள் மொத்தம் மூன்று. 11 டிரா. 17 கோல்கள். எட்டாம் இடம். கிரிவெல்லாரோ நடுவிலேயே காயமடைந்து வெளியேறிவிட்டார் என்பது உண்மை, ஆனால் அவர் ஆடிய நாட்களிலும் கோல் வந்து குவியவில்லை. அண்ணன், இருபது ஆட்டத்தில் ஆறே தோல்வி என்றால் அது உறுதியான அணி என்று வாதிட்டார். நண்பர், இருபதில் மூன்றே வெற்றி என்றால் அதை அணி என்றே சொல்ல முடியாது என்றார். பிப்ரவரி வரை அண்ணன் பக்கம்தான் ஆள் அதிகம்.